பிடி, பிடு

கிளையில் உட்கார்ந்திருப்பவர் மேலிருந்து கத்துகிறார். கீழே கயிற்றோடு நிற்பவரின் காதில் விழுவது ஒரே ஒரு சொல். அது தமிழாக இருந்தால் ‘பிடி’: கயிற்றை இறுக்கு, நழுவ விடாதே. கன்னடமாக இருந்தால் ‘பிடு’. ‘பஸ்’ என்று சொல்லும்போது போல முதலெழுத்தை அதிர்த்துச் சொல்ல வேண்டும். பொருள், விட்டுவிடு. தமிழின் வகரம் பல சொற்களில் கன்னடத்தில் பகரமாகிறது: விடு, பிடு. தமிழின் பகரம் ஹகரமாகிறது: பிடி, ஹிடி. வகுப்பறையில் இது அழகான ஒலிமாற்ற விதி. நாற்பதடி உயரத்தில் ரம்ப மிஷின் உறுமிக்கொண்டிருக்கையில், எதிரெதிரான இரண்டு கட்டளைகளைப் பிரித்து வைப்பது தொண்டையின் ஓர் அதிர்வும் கடைசியில் ஓர் உயிரொலியும்தான்.

பெங்களூருவில் மரம் கழிக்கும் குழுக்களில் பல மொழிக்காரர்கள் கலந்தே இருப்பார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, இப்போது இந்தியும். தெலுங்கில் ‘பட்டு’ என்றால் பிடி, ‘வதுலு’ என்றால் விடு. பல நாள் சேர்ந்து வேலை செய்தவர்களுக்கு மேலே இருப்பவரின் தோள் அசைவே போதும். புதிதாக ஒருவர் கயிற்றுக்கு வரும் நாள்தான் கவலை. மேல்நாடுகளில் இந்தத் தொழிலைப் பயிற்றுவிக்கும்போது முதல் நாளே சொல்லித்தருவது, மேலிருந்து எச்சரிக்கைக் குரல் கொடுக்க வேண்டும், கீழிருந்து பதில் குரல் வர வேண்டும், பதில் வராமல் ரம்பம் கிளையைத் தொடக்கூடாது என்பதுதான். இதற்குக் காசு செலவில்லை, கருவியும் வேண்டாம். இருந்தும் நம் தெருக்களில் அது ஒரு வழக்கமாக வேரூன்றவில்லை. காரணம், இதை ஒரு தொழில் என்று யாரும் எண்ணவில்லை என்பதுதான் என் அனுமானம்.

பெயரைப் பாருங்கள். தமிழில் கவாத்து என்ற அருமையான சொல் இருக்கிறது. தேயிலைக்கும் மல்லிகைக்கும் முருங்கைக்கும் அதைத் தயங்காமல் பயன்படுத்துகிறோம். தெருவோர மரத்துக்கு வரும்போது மட்டும் அது ‘வெட்டு’ ஆகிவிடுகிறது. செய்பவர் ‘மரம் வெட்டுகிறவர்’ ஆகிவிடுகிறார். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதே வேலையைச் செய்பவர் மரத்தின் அறுவை மருத்துவர் என்ற பெயரோடு, சான்றிதழோடு, காப்பீட்டோடு வருகிறார். பெங்களூருவில் ‘மர டாக்டர்’ என்ற பட்டம் விஜய் நிஷாந்த் போன்ற ஆர்வலர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு அவர்கள் தகுதியானவர்களே. ஆனால் ஏறி வெட்டும் கை வேறொருவருடையது. மரம் பிழைக்குமா என்பது பெரும்பாலும் அந்தக் கையைப் பொறுத்தது.

அந்தக் கையின் அறிவைக் குறைத்து எடைபோட முடியாது. பெங்களூருவின் வீட்டுமனைகளில் பல முப்பதுக்கு நாற்பது அடி. சுற்றுச்சுவர், கம்பிக் கிராதி, பக்கத்து வீட்டு ஓடு, தெருவில் கார். வெட்டிய கிளையை விழவிட இடமே கிடையாது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். ஓரடி விட்டமும் ஆறேழு அடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை நூறு கிலோவைத் தாண்டும். அதைக் கீழே ஒரே ஆள் தாங்குகிறார். எப்படி? கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முனையைக் கையில் வைத்துக்கொள்கிறார். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று சுமையைச் சுமார் ஆறரையில் ஒரு பங்காக்குகிறது. இரண்டு சுற்று நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. நூறு கிலோ கட்டை கையில் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகத்தான் தெரியும். கப்பலைக் கரையில் கட்டும் துறைமுகத் தொழிலாளி நம்பியிருப்பதும் இதே கணக்கைத்தான். சுற்றைக் கூட்டினால் கட்டை நிற்கும், குறைத்தால் இறங்கும் என்பதை யாரும் இவர்களுக்குப் புத்தகத்திலிருந்து கற்றுத்தரவில்லை.

கணக்கு பிசகுவது கட்டை தொங்கும்போது அல்ல, விழும்போது. கயிறு போடப்பட்ட கவட்டைக்கு மேலே உள்ள துண்டை வெட்டினால் அது முதலில் சில அடி தடையின்றி விழுந்து, பிறகுதான் கயிற்றில் மாட்டும். அந்த நொடியில் கயிறு உணரும் இழுப்பு கட்டையின் எடையைப் போல் பல மடங்கு. கட்டுமானப் பொருள் கடையில் எடைபோட்டு வாங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு, லாரி பாரத்தைக் கட்டுவதற்கானது. வெயிலில் கிடந்தால் நார்நாராக உதிரும், உராய்வின் சூட்டில் இளகும். மரம் ஏறுவோருக்கென்று உலகச் சந்தையில் விற்கும் கயிறு உள்ளே ஒரு கரு, வெளியே ஒரு பின்னல் உறை என்று இரண்டு அடுக்காக இருக்கும். ஐரோப்பியத் தரவிதி அதற்குக் குறைந்தது 22 கிலோநியூட்டன் வலிமை கேட்கிறது, அதாவது இரண்டு டன்னுக்கும் மேல். அதைவிட முக்கியம், ஏறும் கயிறு வேறு, கட்டை இறக்கும் கயிறு வேறு என்ற பிரிவினை. நம்மூரில் ஒரே கயிறு காலையில் ஆளையும் மதியம் கட்டையையும் சுமக்கும்.

இடுப்புப் பட்டையிலும் இதே குழப்பம். பாதுகாப்பு உபகரணம் கொடுத்தோம் என்று ஒப்பந்தக் கோப்பில் எழுதுவதற்குக் கட்டுமானத் தளத்தின் முழுவுடல் பட்டையை வாங்கித் தருவதுண்டு. அதன் கொக்கி முதுகுப்பக்கம் இருக்கும். சாரத்திலிருந்து விழுபவரைத் தாங்க அது போதும். மரத்தில் வேலை செய்பவர் விழுவதற்காகக் காத்திருக்கவில்லை; கயிற்றில் உட்கார்ந்தபடியே வேலை செய்கிறார். அவருக்குத் தொடையைத் தாங்கும் இருக்கை வேண்டும், இடுப்பின் இரு பக்கமும் வளையம் வேண்டும். முதுகில் கொக்கி மாட்டினால் கிளையைச் சுற்றித் திரும்பவே முடியாது. அவர் அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறுகிறார். பார்ப்பவர்கள் அலட்சியம் என்கிறார்கள். எனக்கு அது நியாயமான தீர்ப்பாகப் படவில்லை.

பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரும் இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டியும் அவர்கள் ஏறும் மரத்துக்கென்றே தலைமுறை தலைமுறையாகச் செதுக்கப்பட்ட கருவிகள். கிளையில்லாத நேர்மரத்துக்கு அவை பொருந்தும். அகலப் பரந்து, கவட்டையாகப் பிரிந்து, பாதி புரையோடிய தூங்குமூஞ்சி மரத்துக்கு நம்மிடம் அப்படியொரு மரபு உருவாகவில்லை. மரமே வெளியூர்க்காரர்தானே. தென் அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி, மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹர், ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக், ஆப்பிரிக்காவின் ஸ்பேத்தோடியா. லால்பாக் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் 1908 முதல் 1932 வரை இருந்த ஜெர்மானியர் குஸ்தாவ் ஹெர்மான் க்ரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி சாலைகளைத் திட்டமிட்டார். 1980களில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகினஹாள் தலைமையில் லட்சக்கணக்கான கன்றுகள் நடப்பட்டன. நட்டவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து அந்த உச்சியில் ஏறப்போகிறவர் யார், எதைக் கொண்டு ஏறுவார் என்பது எந்தத் திட்டத்திலும் இடம்பெறவில்லை.

அரிவாளும் கோடாலியும் இன்னும் போய்விடவில்லை, ஆனால் வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது மிஷின், அதாவது சங்கிலி ரம்பம். ஸ்டில், ஹஸ்க்வர்னா வைத்திருப்பவர் வசதியானவர். மற்றவர்களிடம் இருப்பது சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 58 சிசி இயந்திரம். தரையில் கிடக்கும் கட்டையைத் துண்டாக்க அது நல்ல கருவி. எரிபொருளும் சங்கிலி ஓடும் நீண்ட பட்டையுமாகச் சேர்த்தால் ஆறேழு கிலோ கனக்கும் அதை இடுப்பில் கட்டி மேலே தூக்கிப்போய், ஒரு கையால் கிளையைப் பற்றி மறுகையால் இயக்குவது வேறு சங்கதி. பட்டை நுனியின் மேல் கால்பகுதி கிளையில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். கை சுதாரிக்குமுன் அது நடந்து முடிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் முன்கைக்கு எதிரே சங்கிலித் தடுப்பு இருக்கிறது, அதனால்தான் இரு கைப்பிடியும் விதியாகிறது. மேலே ஏறுபவருக்கென்று மூன்று நான்கு கிலோவில், தலைமேல் கைப்பிடி வைத்த சிறு ரம்பம் உண்டு. விலை பல மடங்கு.

இன்னொரு சின்ன விஷயம். சங்கிலிக்கு ஊற்றவேண்டிய எண்ணெய்க்குப் பதிலாக மெக்கானிக் கடையில் கழித்த வேஸ்ட் ஆயில் ஊற்றுவது நாடெங்கும் உள்ள பழக்கம். அது கருப்பாகத் தெறித்துக் கைகளிலும் முகத்திலும் படியும். பெட்ரோலில் 2டி ஆயில் கலப்பதும் கண்ணளவுதான். மாலையில் நல்ல குழுவை அடையாளம் காண ஒரு வழி, யாராவது வட்ட அரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாகத் தீட்டிக்கொண்டிருக்கிறாரா என்று பார்ப்பது. கூரான சங்கிலி சீவல் சீவலாகத் துப்பும். மழுங்கியது பொடியாகத் துப்பும். பொடி துப்பும் ரம்பத்தை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்துகிற கை நடுங்கும். ஆண்டுக்கணக்கான அதிர்வில் விரல்நுனி வெளுத்து உணர்விழப்பதை மருத்துவம் தொழில்நோயாகவே பட்டியலிடுகிறது.

இனி வெட்டுக்கு வருவோம். என் பார்வையில் இந்தத் தொழிலின் மொத்த ஞானமும் அங்கேதான் குடியிருக்கிறது.

அமெரிக்க வனத்துறையில் நோயியலாளராக 1959இல் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ, அதுவரை மரத்தைக் குறுக்கே அறுத்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வை மாற்றினார். ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்தார், ஆயிரக்கணக்கான மரங்களை. காயம் பட்ட இடத்தில் மரம் பழைய திசுவைப் புதுப்பிப்பதில்லை, அதைச் சுற்றி அறை கட்டி அடைத்துவிட்டு வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது என்று கண்டார். 1977இல் ஹாரல்ட் மார்க்ஸோடு சேர்ந்து இதை நான்கு சுவர்கள் என்ற மாதிரியாக எழுதினார். நம் தோல் ஆறுவதுபோல மரம் ஆறுவதில்லை. அதற்கு முந்தைய தலைமுறை வேறுவிதமாக நம்பியிருந்தது. 1901இல் ‘மர மருத்துவர்’ என்ற நூலை வெளியிட்ட ஓஹையோவின் ஜான் டேவி தொடங்கிய மரபில், பல் மருத்துவர் சொத்தையை அடைப்பதுபோல மரப்பொந்தைச் சுரண்டிச் சிமெண்ட் நிரப்பினார்கள். சுரண்டும்போது மரம் கட்டிய சுவரே உடைந்துபோகும் என்பது பின்னால்தான் தெரிந்தது. நம் நகரங்களில் பொந்துக்குச் சிமெண்ட் பூசும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது, நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள்.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்து, மேல்பக்கம் மடிப்பு விழுந்த ஒரு கழுத்து இருக்கும். அடைப்புச் சுவர் கட்டும் திசு அங்கேதான் இருக்கிறது. வெட்டு அந்தக் கழுத்துக்குச் சற்று வெளியே விழ வேண்டும். உள்ளே போனால் கழுத்தே போய்விடும். ஒரு முழம் தள்ளி வெட்டினால் முண்டு நிற்கும். அதை மூட மரத்தால் முடியாது, மழைநீர் இறங்கும், பூஞ்சை குடியேறும், சில ஆண்டில் புரை தண்டுக்குள் நுழையும். கனத்த கிளையாக இருந்தால் ஒரே வெட்டில் அறுத்தால் பாதியில் முறிந்து தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு விழும். அதனால் மூன்று வெட்டு: முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து கால்பங்கு, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதாக, கடைசியில் எஞ்சிய முண்டைக் கழுத்தருகே. வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பது ஷைகோவின் முடிவு. நம் வேளாண் துறையினர் போர்டோ பசையைப் பரிந்துரைக்கிறார்கள். அது செம்புச் சத்துள்ள பூஞ்சைக்கொல்லி என்பதால் ஈரமான நாட்டில் அதற்கு ஒரு வாதம் உண்டு. ஆனால் தப்பான வெட்டை எந்தப் பசையும் காப்பாற்றாது.

மூன்று வெட்டுக்கு மூன்று மடங்கு நேரம். கூலி மரக்கணக்கிலோ நாள்கணக்கிலோ பேசப்படுகிறது. தனியார் வீட்டில் விறகு யாருக்கு என்பதும் பேரத்தில் சேரும். வெட்டு எங்கே விழுந்தது என்று யாரும் அண்ணாந்து பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் கேட்பது, “இன்னும் நல்லா மொட்டையா எடுத்துடுங்கண்ணா, திரும்பத் திரும்பக் கூப்பிட வேணாம்” என்பதுதான். மொட்டையடித்த மரம் பதறிப்போய் முண்டைச் சுற்றிச் சிம்பு சிம்பாகத் தள்ளும். அடுத்த ஆண்டு முன்னைவிட அடர்த்தியாக இருக்கும். அந்தச் சிம்புகள் தண்டின் உள்மரத்தில் வேர்விட்டவை அல்ல, மேல்பட்டையை ஒட்டிப் பிறந்தவை. பத்து ஆண்டில் அவை தொடை கனத்துக்கு வளர்ந்து, அழுகிய முண்டின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது வரும் மே மாதக் காற்றில் முறிவது அதுதான். செய்தித்தாள் ‘மழையால் மரம் விழுந்தது’ என்று எழுதும்.

மழை மட்டுமே காரணமில்லை. வடிகால், குடிநீர்க் குழாய், கேபிள் என்று ஒவ்வொரு துறையும் தனித்தனியாகத் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் மொத்தமாக அறுபடுகிறது. நடைபாதைக் கல் அடிமரத்தை ஒட்டி இறுகுகிறது. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. பெங்களூருவின் பல தெருக்களில் அந்த ஒரு மீட்டர் இன்னும் கிடைக்கவில்லை. மேலே மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் கம்பி. கம்பிக்கு வழிவிடக் கிளையை ஒரு பக்கமாகவே கழித்துவந்தால் எடை மறுபக்கம் சாய்கிறது, பெரும்பாலும் வீட்டின் பக்கம். வேர் ஒரு பக்கம் இல்லை, தலை மறுபக்கம் கனம்.

மரத்துக்குச் சட்டம் இருக்கிறது. கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டினது. மர அதிகாரியின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. தென்னை, சவுக்கு, யூகலிப்டஸ், சில்வர் ஓக் போன்ற சிலவற்றுக்கு விலக்கு. ஐம்பதுக்கு மேற்பட்ட மரங்கள் என்றால் மக்களிடம் ஆட்சேபம் கேட்க வேண்டும். உயர் நீதிமன்றம் தலையிட்டு நிபுணர் குழு அமைந்தது, கணக்கெடுப்புக்கு உத்தரவு வந்தது. மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் நிறுவனமே இருக்கிறது. நிழலின் மதிப்பும் அளந்தாகிவிட்டது: சூழலியலாளர் ஹரிணி நாகேந்திராவும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மரமுள்ள தெருவில் பிற்பகல் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரையும் சாலைப் பரப்பின் வெப்பம் 27.5 டிகிரி வரையும் குறைந்திருந்தது. மாநகராட்சியின் வனப் பிரிவுக்கு வனத்துறையிலிருந்து அதிகாரி வந்தார், அதன்கீழ் ஒப்பந்த அணிகள் வேலை செய்தன. 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சி ஐந்தானது, பலகைகள் மாறின. வெட்டலாமா கூடாதா என்பதைப் பற்றி இந்த நகரம் நிறைய யோசித்திருக்கிறது. எப்படி வெட்டுவது, வெட்டுபவர் யாரிடம் கற்பது என்பதைப் பற்றி அந்த அளவுக்கு யோசிக்கவில்லை.

செய்ய முடியாத காரியம் என்று சொல்ல வழியில்லை. தென்னைக்குச் செய்திருக்கிறோம். கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி, இரண்டு காலுக்கும் தனித்தனி மிதியும் மரத்தைச் சுற்றிய கம்பி வளையமும் கொண்ட ஏறு கருவியைச் செய்தார். மிதித்தால் வளையம் இறுகும், தூக்கினால் தளரும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சியும் கருவியும் விபத்துக் காப்பீடும் கொடுத்தது. தேங்காய் பறிக்க ஆளில்லாமல் போனதுதான் தூண்டுதல். சந்தைக்குத் தேங்காய் வேண்டியிருந்தது. அந்த வாரியத்தின் மண்டல அலுவலகம் ஒன்று பெங்களூரு ஹுளிமாவில் இருக்கிறது. அதே நகரில், தூங்குமூஞ்சியில் ஏறுபவருக்கு அப்படியொரு வாரியம் இல்லை. நிழலை யாரும் குலைக்கணக்கில் விற்பதில்லையே.

2024 ஜூன் 2ஆம் தேதி பெங்களூருவில் 111.1 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஜூன் மாதத்தின் ஒருநாள் மழைக்கு 1891இல் பதிவான உச்சம் அன்று உடைந்தது. நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நகருக்கு வெளியே, கேதோஹள்ளியின் பெரிய ஆலமரத்திலும் அந்த மழைக்காலத்தில் ஒரு பகுதி சரிந்தது. அப்படிப்பட்ட இரவுகளில் ஏறுகிற வேலை குறைவு, எல்லாம் தரையிலேயே கிடக்கிறது. ஆனால் ஆபத்து அதிகம். விழுந்த மரம் ஓய்ந்த மரம் கிடையாது. கார்மேல் சாய்ந்த கிளை வில்போல வளைந்திருக்கும்: ஒரு பக்கம் இழுபட்டு, ஒரு பக்கம் நசுங்கி. நசுங்கிய பக்கத்தில் ரம்பம் வைத்தால் பட்டை கவ்விக்கொள்ளும், இழுபட்ட பக்கத்தில் முதலில் ஆழமாக வைத்தால் கிளை வெடித்துத் துள்ளும். டார்ச் வெளிச்சத்தில், மழைக்கோட்டில்லாமல், எந்தப் பக்கம் எது என்று தடவிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கம்பி சிக்கியிருந்தால் அதுவும் கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்ற ‘லைன் கிளியர்’ பெஸ்காமிலிருந்து வர வேண்டும். தெரு முழுக்க இருட்டாக இருப்பதை வைத்துக் கம்பி செத்துவிட்டது என்று நம்ப முடியாது. எங்கோ ஒரு வீட்டின் ஜெனரேட்டர் பின்வழியாக மின்சாரத்தைத் தள்ளலாம். ஈரக்கிளையிலும் ஈரக்கயிற்றிலும் அது இறங்கும். எனவே குழு டெம்போவின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் அரத்தை எடுத்துப் பல்லைத் தீட்டுகிறார். மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “ஏன்ப்பா சும்மா உக்காந்திருக்கீங்க?” என்கிறார். மேஸ்திரி போனைக் காதில் வைத்தபடியே, இன்னும் வரவில்லை என்று கையை மட்டும் அசைக்கிறார்.